இரண்டு ஓட்டை போட்ட தகடு

மார்ச் 3, திங்கள்

மூத்த பேரன் கப்பல் கம்பெனியில் எஞ்சினியர். இரண்டாவது பேரன் மாட்டு டாக்டர். வாய் திறந்து சொல்லாத நோயாளிக்கு எங்கே வலிக்கிறதென்று கண்டுபிடிக்கிறவன். மூத்த பேத்தி பெரிய பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், அவளிடம் படித்த பிள்ளைகள் கணக்கில் தோற்றதாகச் சரித்திரம் கிடையாது. கொள்ளுப்பேரன் ஒன்றாம் வகுப்பு, சாக்கு ஓட்டத்தில் இரண்டாம் பரிசு. முதல் பரிசு வாங்கின பையன் பாதியில் சாக்கைக் கழற்றிவிட்டான் என்று கேள்வி.

கடைசிப் பேத்தி. இவளைக் கடைசியில் சொல்ல வேண்டும் என்றுதான் மற்றவர்களை முதலில் சொன்னேன். தீயணைப்பு நிலையத்துக்கே அதிகாரி. முப்பத்து நாலு வயசு. பன்னிரண்டு பேர் இவள் சொல்லுக்கு நிற்கிறார்கள். வெள்ளம் புகுந்த கட்டடத்தின் அடித்தளத்திலிருந்து மூன்று பேரைத் தூக்கி வந்ததற்கு மெடல் குத்தியிருக்கிறார்கள். அந்தப் போட்டோ என் பெட்டியில் இருக்கிறது. கண் ஆபரேஷனுக்குப் போனபோது டாக்டருக்குக் காட்டினேன், நர்சுக்குக் காட்டினேன், பக்கத்துக் கட்டில் அம்மாளுக்கு இரண்டு முறை காட்டினேன். போட்டோவில் தனியாக நிற்கிறாள். சிரிப்பில்லை. விறைப்பு. எனக்குப் பெருமையில் மூச்சு முட்டும்.

கண் சரியாகும் வரை இவளுடன்தான். நிலையத்துக்குப் பின்னாலேயே குவார்ட்டர்ஸ். இந்த டைரியும் இவள் கொடுத்தது. "எழுது பாட்டி, கை சும்மா இருந்தா எதையாவது ஒழுங்குபடுத்திக்கிட்டே இருப்பே"ன்னு சொன்னாள். நான் அஞ்சாவது வரைதான். ஆனால் அஞ்சாவதில் கையெழுத்துக்கு முதல் பரிசு எனக்குத்தான். இதையும் மேலே உள்ள வரிசையில் சேர்த்துக்கொள்ளலாம்.

மார்ச் 4

காலண்டர் கோணலாகத் தொங்கியது. நேராக்கினேன். பீரோ மேல் பெட்டிகளும் கோணல். இத்தனை வருஷம் கண்ணில் புரை, உலகம் நேராக இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 7, வெள்ளி

இன்று மணி அடித்ததைப் பார்த்தேன். கேட்டேன் என்று எழுத வேண்டும், ஆனால் பார்த்தேன் என்பதுதான் சரி.

சமையலறை ஜன்னலைத் திறந்தால் நிலையத்து முற்றம். சிவப்பு வண்டி இரண்டு, துணி காயப்போடுகிற மாதிரி குழாய் காயப்போடுகிற உயரமான கம்பம், பெரிய மேஜை ஒன்று. மேஜையில் நாலைந்து பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு துண்டு ரொட்டியை வாயில் வைத்தேன். மணி அடித்தது. மெல்லுவதற்குள் மேஜையில் ஆள் இல்லை. டம்ளரெல்லாம் அப்படியே, ஒன்றுகூடக் கவிழவில்லை. அந்த ரொட்டியை விழுங்குவதற்குள் வண்டி தெருமுனை திரும்பிவிட்டது. முன்சீட்டில் என் பேத்தி. இவளுக்குப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பி ஷூ மாட்ட அரைமணி ஆகும். நான்தான் மாட்டிவிடுவேன்.

இரண்டு மணி நேரம் கழித்து வந்தார்கள். வந்ததும் முகம்கூடக் கழுவவில்லை, வண்டியைக் கழுவவில்லை, எல்லோரும் அந்த மேஜையில் உட்கார்ந்தார்கள். இவள்தான் முதலில் பேசினாள். சத்தம் இல்லாத பேச்சு, ஜன்னலுக்கு எட்டவில்லை. பிறகு ஒவ்வொருவராக.

சாயங்காலம் கேட்டேன்: "என்னடி பேசினீங்க, அவ்வளவு நேரம்?"

"நான் எதுக்குப் பயந்தேன்னு சொன்னேன் பாட்டி. அப்புறம் அவங்க சொன்னாங்க."

"அதிகாரி பயந்தேன்னு சொல்லலாமா?"

"முதல்ல சொல்லணும். நான் சொல்லாட்டி வேற யாரும் சொல்ல மாட்டாங்க."

எனக்கு இது புரியவில்லை. போட்டோவில் இருக்கிறவள் எதற்கும் பயப்படாதவள் மாதிரித்தான் இருக்கிறாள்.

மார்ச் 10, திங்கள்

நிலையத்துக்குள் போய் வந்தேன். சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டுப் போயிருந்தாள், கொண்டுபோய்க் கொடுக்கிற சாக்கில்.

அங்கே இரண்டு பேரோடு பழக்கமானேன். ஒருவர் பேர் மலை. உண்மைப் பேர் வேறாம், யாரும் கூப்பிடுவதில்லை. ஆள் வாசலில் நின்றால் வாசல் தெரியாது. இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். தீக்குள் முதலில் நுழைகிறவர் அவர்தானாம். இன்னொருவன் வண்டி ஓட்டுகிறவன். அவனை ரேடியோ என்கிறார்கள். ஏன் என்று கேட்க வேண்டியதே இல்லை, நிறுத்துகிற பொத்தான் இல்லாத வாய்.

"பாட்டிம்மா, மேடம் சின்ன வயசுல எப்படி? சும்மா சொல்லுங்க, நாங்க யார்கிட்டயும் சொல்ல மாட்டோம்."

"உன்கிட்ட சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரின்னு பார்த்தாலே தெரியுதே."

மலை சிரித்தார். பெரிய மனிதருக்குச் சின்னச் சிரிப்பு.

சுவரில் ஒரு மரப்பலகை. அதில் ஆணிகள், ஆணிக்கு ஒரு தகரத் தகடு, தகட்டில் ஆளுக்கு ஒரு எண். வேலைக்கு வந்தால் மாட்ட வேண்டும், போகும்போது எடுக்க வேண்டும். தகட்டில் மேலே ஒரு ஓட்டை, கீழே ஒரு ஓட்டை. மேல் ஓட்டை துருப்பிடித்துப் பழசு, கீழ் ஓட்டை புதுசு. எதற்கு இரண்டு என்று கேட்டேன். எப்போதும் பேசுகிற ரேடியோ அப்போது மட்டும் பேச்சை மாற்றினான்: "ஒண்ணு தேய்ஞ்சு போனா இன்னொண்ணு, பாட்டிம்மா. முன்ஜாக்கிரதை."

வரும்போது மலை குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். வலது கையை மட்டும். நான் முற்றம் கடந்து படியேறி, வாசலில் செருப்பை நேராக வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோதும் கழுவிக்கொண்டுதான் இருந்தார். சுத்தமான மனிதர்.

மார்ச் 14

எழுத ஒன்றுமில்லை. பக்கத்து வீட்டு வாசல் மிதியடியை நேராக்கினேன். அந்த வீட்டுப் பெண் பார்த்துச் சிரித்தாள்.

மார்ச் 18, செவ்வாய், காலை

பேத்தி செல்போனை வைத்துவிட்டுப் போய்விட்டாள். ஏழே முக்காலுக்குக் கொண்டுபோனேன். ஆள் இல்லை, எல்லோரும் வண்டிக் கொட்டகையில். மேஜையில் வைத்துவிட்டு வந்தேன். பலகையில் ஒரு தகடு தலைகீழாகத் தொங்கியது. எண் கவிழ்ந்து கிடக்கிறது. அவசரத்தில் மாட்டியிருப்பார்கள் பாவம். நேராக்கிவிட்டு வந்தேன். எட்டு மணிக்கு இவள் ஆஜர் எடுக்கும்போது பலகை லட்சணமாக இருக்க வேண்டாமா?

அதே நாள், மாலை

இன்று ஜன்னலை விட்டு நகரவே இல்லை. ஏன் என்று எனக்கே தெரியவில்லை, எனக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

பத்து மணிக்கு மணி அடித்தது. மெத்தைக் கிடங்கில் தீ. இரண்டு வண்டியும் போயிற்று. ஒரு மணிக்கு வந்தார்கள். ரேடியோ முன்சீட்டில் இல்லை, வேறு யாரோ ஓட்டி வந்தார்கள். அவனை ஆஸ்பத்திரியில் விட்டு வந்திருக்கிறார்கள், இடது கை முழங்கை வரை வெந்துவிட்டது.

மேஜையில் உட்கார்ந்தார்கள். இன்று ஜன்னலுக்குக் கேட்டது. ஏனென்றால் மலை கத்தினார்.

"திருப்பி மாட்டினேன் மேடம். எட்டு மாசமா ஒருத்தனும் திருப்பல. நான் திருப்பினேன். அதைப் பாத்துட்டும் என்னை உள்ள அனுப்பினீங்க!"

"நான் பாக்கும்போது நேரா இருந்துச்சு அண்ணே."

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

மலை தகட்டை எடுத்து மேஜையில் போட்டார். தகரம் மரத்தில் விழுகிற சத்தம். அது இங்கே வரைக்கும் கேட்டது.

மார்ச் 19, புதன்

இன்று வாரவிடுப்பு இவளுக்கு. காலையில் எதிரே உட்கார வைத்துக் கேட்டேன். தகடு என்றால் என்ன என்று. சொன்னாள். சொன்னதை அப்படியே எழுதுகிறேன், மறக்கக் கூடாது.

முதல் முதலில் இவள் வேலை பார்த்த நிலையத்தில் ஒருவர் இருந்தாராம். தைரியசாலி. எங்கே போனாலும் முன்னால் நிற்பார். ஒரு நாள் வேலைக்கு வரவில்லை, அதற்குப் பிறகு வரவே இல்லை. வீட்டில் அடுப்பைப் பற்ற வைத்தால் எழுந்து தெருவுக்குப் போய்விடுவாராம். இன்னும் அப்படித்தான் இருக்கிறாராம். அந்த நிலையத்துப் பெரியவர் சொன்னது: "தீக்குள்ள போறவனுக்கு மனசு என்ன வேண்டியிருக்கு?" அந்தத் தைரியசாலி வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சொல்ல முடியாது. சொன்னால் கேலி.

அதனால் இந்த நிலையத்துக்கு அதிகாரியாக வந்ததும் இவளே துளை போடுகிற மெஷினை எடுத்து ஒவ்வொரு தகட்டிலும் கீழே ஓர் ஓட்டை போட்டிருக்கிறாள். மனசு சரியில்லாதவர் வாயால் சொல்ல வேண்டாம். கீழ் ஓட்டையில் மாட்டினால் போதும். ஏன் என்று கேட்கக் கூடாது. யாரிடமும் பேசக் கூடாது. அன்றைக்கு அவர் தீக்குள் போக மாட்டார், டெலிபோனிலோ பம்பிலோ இருப்பார்.

"எட்டு மாசம் பாட்டி. தினமும் காலையில பாப்பேன். எல்லாம் நேரா இருக்கும். எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்களா, இல்ல யாரும் என்னை நம்பலையான்னு தெரியாம பாப்பேன். நேத்து ஒருத்தர் நம்பினார். அதை யாரோ விளையாட்டுக்குத் திருப்பி விட்டுட்டாங்க."

"யாரு?"

"ரேடியோன்னு பேசிக்கிறாங்க. அவன்தானே எல்லாரையும் கேலி பண்ணுவான். அவன்தான் மலை அண்ணனைப் பிடிச்சு இழுத்துட்டு வந்தான். அவர் படிக்கட்டுல அப்படியே நின்னுட்டாராம், கால் நகரலையாம். இழுக்கும்போதுதான் கை வெந்துச்சு. அவனே திருப்பி விட்டு அவனே காப்பாத்தினான்னு பேசுறாங்க."

அவள் பேசிக்கொண்டே இருந்தாள். எனக்குக் காது அடைத்துவிட்டது.

"எனக்கு ஏன்டி முன்னாடியே சொல்லல?"

"நிலையத்து விஷயம் பாட்டி. வெளியில பேச்சானா அப்புறம் யாரு திருப்புவாங்க?"

நான்தான் என்று சொல்ல வந்தேன். அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று எழுந்து போய்விட்டேன்.

மார்ச் 20

சொல்லவில்லை.

மார்ச் 21

இன்றும் சொல்லவில்லை. எதை யோசிக்கிறேன்? அதிகாரியின் பாட்டி நிலையத்தில் புகுந்து கெடுத்தாள் என்று இவளுக்குக் கெட்ட பேர் வரும். திங்கட்கிழமை பெரிய அதிகாரி விசாரணைக்கு வருகிறார். இவளுக்காகத்தான் சொல்லவில்லை.

இல்லை. பொய் எழுதக் கூடாது, இது என் டைரி. எனக்கு வெட்கம். ஊரெல்லாம் என் பேத்தி என்று போட்டோ காட்டினவள் நான். என் பேத்தியின் வேலையைக் கெடுத்தவள் நான் என்று எந்த வாயால் சொல்வேன்?

காலண்டர் இன்று கோணல். தொடவில்லை.

மார்ச் 22, சனி

பின்பக்கம் துணி காயப்போடும்போது பக்கத்து வீட்டுப் பெண் வந்தாள். மிதியடிக்காரி. அவள் மலையின் மனைவி என்று இன்றைக்குத்தான் தெரியும். வாளியை வைத்துவிட்டு நின்றாள், கிளிப்பைக் கையில் வைத்துக்கொண்டு.

"பாட்டிம்மா, அவர் வேலையை விடப் போறேன்னு எழுதிக் கொடுத்துட்டாரு."

நான் பிழிந்த துணியையே மறுபடி பிழிந்தேன்.

"ஒரு மாசத்துக்கு முன்னாடி சுவர் இடிஞ்சுது. உள்ள ஒரு பொண்ணு மாட்டிக்கிச்சு. கை மட்டும் வெளியில. மெஷின் வர்ற வரைக்கும் ரெண்டு மணி நேரம் இவர் அந்தக் கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. பேச்சுக் கொடுத்துக்கிட்டே இருந்தாராம். எங்க பொண்ணைப் பத்தி, நான் பண்ற சமையலைக் கிண்டல் பண்ணி, எல்லாம். மெஷின் வர்றதுக்குள்ள அந்தக் கை சில்லுன்னு ஆயிடுச்சாம். அன்னையிலிருந்து வலது கையைக் கழுவிக்கிட்டே இருக்காரு."

சுத்தமான மனிதர் என்று எழுதியிருக்கிறேன். இதே டைரியில். மேலே நாலு பக்கம் தள்ளி.

"மூணு வாரமா யோசிச்சாரு, பாட்டிம்மா. திருப்பலாமா வேண்டாமான்னு. செவ்வாய்க்கிழமை காலையில 'இன்னிக்கு மாட்டிடறேன்'னு சொல்லிட்டுப் போனாரு. எனக்கு அப்படி ஒரு நிம்மதி. இப்ப என்ன சொல்றாரு தெரியுமா? 'நான் கேட்டேன், அவங்க பாக்கல. இனிமே யார்கிட்டயும் எதுவும் கேக்க மாட்டேன்'னு."

துணி எல்லாம் கோணலாகக் காயப்போட்டுவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

மார்ச் 23, ஞாயிறு

ரேடியோ கையில் கட்டோடு நிலையத்துக்கு வந்தான். மேஜையில் உட்கார்ந்தான். உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். அவன் தனியாக உட்கார்ந்து டீ குடித்தான். பேசவே இல்லை. ரேடியோ!

நாளைக்குச் சொல்லிவிடுவேன். எழுதிவிட்டேன், இனி மாற்ற முடியாது.

மார்ச் 24, திங்கள்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

பதினொரு மணிக்குப் பெரிய அதிகாரி வந்தார். வெள்ளை மீசை, தோளில் நிறைய பட்டை. மேஜையைச் சுற்றி எல்லோரும். மலை ஓரத்தில், ரேடியோ அந்தப் பக்கத்து ஓரத்தில். நான் முற்றத்தைக் கடந்து போனேன். கதவருகில் போகும்போது என் பேத்தி பேச ஆரம்பித்திருந்தாள்.

"நான் முதல்ல சொல்றேன் சார். இங்க அதுதான் வழக்கம். செவ்வாய்க்கிழமை காலையில நான் பலகையைப் பாத்தேன். நேரா இருந்துச்சு. சரின்னு போயிட்டேன். மலை அண்ணன் முகத்தை நான் பாக்கல. ஒரு மாசமா அவர் கை கழுவுறதைப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். தகடு திரும்பட்டும், அப்புறம் கேப்போம்னு இருந்துட்டேன். தகரத்தை நம்பி ஆளைப் பாக்காம விட்டுட்டேன். அது என் தப்பு."

பன்னிரண்டு பேர் முன்னால். மேலதிகாரி முன்னால். குரல் உடையவில்லை, தலை குனியவில்லை. நான் எழுபத்தாறு வருஷத்தில் எத்தனையோ பெரிய மனிதர்களைப் பார்த்திருக்கிறேன். கல்யாணப் பந்தலில், பள்ளிக்கூட விழாவில், மாலை போட்டுக்கொண்டு. இவ்வளவு பெரிய ஆளை நான் பார்த்ததில்லை. நான் குளிப்பாட்டின பிள்ளை. என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை, சூரியனைப் பார்க்கிற மாதிரி கூசியது.

அதற்குப் பிறகு என் பயம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. உள்ளே போய்விட்டேன்.

"இவங்க யாரு?" என்றார் பெரிய அதிகாரி.

"என் பாட்டி சார். பாட்டி, இப்ப வேண்டாம், அப்புறம் வர்றியா?"

"அந்தத் தகட்டை நான்தான் நேராக்கினேன்," என்றேன்.

மலை தலையைத் தூக்கினார்.

"அர்த்தம் தெரியாது எனக்கு. கண் தெளிஞ்சதிலிருந்து கோணலா எதைப் பாத்தாலும் கை போயிடுது. கவுந்து தொங்குதேன்னு நேராக்கிட்டேன். புதன்கிழமையே எனக்குத் தெரியும். வெட்கப்பட்டுக்கிட்டு அஞ்சு நாள் வாயை மூடிக்கிட்டிருந்தேன். அந்தப் பிள்ளை மேல பழி விழுந்ததையும் ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டிருந்தேன். தகட்டைத் தொட்டது தெரியாம செஞ்சது. வாயை மூடினது தெரிஞ்சே செஞ்சது."

ரேடியோதான் முதலில் வாயைத் திறந்தான்:

"அப்ப என் கை வெந்ததுக்குப் பாட்டிதான் பொறுப்பா? ஒரு மாசம் டீ பாட்டிதான் போடணும். மேடம் போடுற டீயைக் குடிக்கிறதுக்குத் தீயிலயே குதிக்கலாம்."

ஒருவன் சிரித்தான். இன்னொருவன். அப்புறம் ஒருவன் எழுந்து வந்து ரேடியோ பக்கத்தில் உட்கார்ந்து அவன் தோளைத் தட்டினான். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. தட்டினான்.

மலை மட்டும் சிரிக்கவில்லை. என் பேத்தியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அப்ப நீங்க பாத்துட்டு அனுப்பல."

"இல்லண்ணே."

"திரும்பியிருந்தா?"

"அனுப்பியிருக்க மாட்டேன்."

அவர் எழுந்தார். பலகைக்குப் போனார். தன் தகட்டை ஆணியிலிருந்து எடுத்தார், அத்தனை பேரும் பார்க்க, மேலதிகாரியும் பார்க்க, கீழ் ஓட்டையில் மாட்டினார். மாட்டிவிட்டு அந்தப் பெரிய உடம்பை என் பக்கம் திருப்பினார்.

"இதை மட்டும் தொடாதீங்க பாட்டிம்மா."

மலை அழுது நான் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை. யாரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அதுதான் எனக்கு அதிசயம். அழுகிறவரை நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், அவர் தனியாக இல்லை என்று காட்டுகிற மாதிரி.

பெரிய அதிகாரி மீசையைத் தடவினார். "இந்த ஓட்டை போட யாரு உத்தரவு கொடுத்தது?"

"நான்தான் சார் போட்டேன்."

"எழுத்துல விளக்கம் கொடுங்க," என்று சொல்லிவிட்டு எழுந்தார். வாசலுக்குப் போகிற வழியில் பலகை முன்னால் நின்றார். கொஞ்சம் அதிகமாகவே நின்றார்.

மார்ச் 26, புதன்

மெமோ வந்துவிட்டது. அனுமதி இல்லாமல் நிலைய ஒழுங்கில் மாற்றம் செய்தது ஏன், வெளியாள் உள்ளே வந்தது எப்படி. வெளியாள் நான்தான். காகிதத்தில் என்னைப் பற்றி எழுதியிருப்பது இதுதான் முதல் தடவை.

இவள் ஒரு பக்கத்துக்குப் பதில் எழுதினாள். என்னைக் குற்றம் சொல்லவில்லை. "யார் பார்த்தாலும் நேராக்கத் தோன்றுகிற ஓர் அடையாளத்தை வைத்தது என் பிழை" என்று எழுதியிருந்தாள். எழுத்து கொஞ்சம் கிறுக்கல். அனுப்புவதற்கு முன் என்னிடம் கொடுத்தாள், நான் என் முதல் பரிசுக் கையெழுத்தில் எடுத்து எழுதிக் கொடுத்தேன். கீழே கையெழுத்து மட்டும் அவளது.

"வேலை போயிடுமாடி?"

"போகாது. பதவி இறங்கலாம். இறங்கினாலும் இன்னொரு நிலையத்துல போய் ஓட்டை போடுவேன்."

மார்ச் 29

மலையின் ராஜினாமா காகிதத்தை அவரே கிழித்தார். கிழித்த துண்டுகளை நான் பொறுக்கிக் குப்பையில் போடப் போனேன். "வேண்டாம் பாட்டிம்மா, கிடக்கட்டும்" என்றார் ரேடியோவைப் பார்த்து. அவன் ஒற்றைக் கையால் பெருக்கினான்.

ஏப்ரல் 4, வெள்ளி

நாளை மகன் வந்து கூட்டிப்போகிறான். கடைசியாக நிலையத்துக்குப் போனேன். மலை டெலிபோனில் இருக்கிறார், மூன்று வாரத்துக்கு. மனசுக்கான டாக்டரிடமும் போகிறார், இவள்தான் முதல் நாள் கூடப் போனாளாம். நான் போனபோது யாரோ ஒரு பெண் அழைத்து அலறிக்கொண்டிருந்தாள், சமையலறையில் தீ. மலை ஒரே குரலில் சொன்னார்: "அம்மா, நான் இங்கதான் இருக்கேன். வண்டி கிளம்பிடுச்சு. நீங்க வெளியில வாங்க, வாங்க, பேசிக்கிட்டே வாங்க. நான் போனை வைக்க மாட்டேன்." வண்டி போய்ச் சேரும் வரைக்கும் வைக்கவில்லை. வலது கையில்தான் போனைப் பிடித்திருந்தார்.

இப்போது காலையில் பேத்தி பலகையை மட்டும் பார்ப்பதில்லை. பலகையைப் பார்த்துவிட்டு, ஒவ்வொருவர் எதிரிலும் போய் நின்று முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசுகிறாள். என்னமோ பேசுகிறாள், பிள்ளைக்குப் பரீட்சையா, கார் ரிப்பேரா என்று. பத்து நிமிஷம் ஆகிறது.

பலகைக்குக் கீழே ஒரு அட்டை. ரேடியோ எழுதியது: பாட்டிமார்கள் தொடக் கூடாது.

அட்டை கோணலாக ஒட்டியிருந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்தேன்.

மே 9

ஊரில், மகன் வீட்டில். டைரியை மறந்தே போனேன். மெமோவுக்கு இன்னும் பதில் வரவில்லையாம். ஆனால் பக்கத்து நிலையத்திலிருந்து ஆள் வந்து துளை போடுகிற மெஷினைக் கேட்டு வாங்கிப் போனாராம். "பெரிய சார் சொன்னாரு"ன்னாராம்.

ஜூன் 16, திங்கள்

காலை ஒன்பது மணிக்குப் போன் வந்தது. எடுத்தால் மலை.

"பாட்டிம்மா, பதறாதீங்க. எல்லாரும் நல்லா இருக்கோம். ஒண்ணு சொல்லணும். இன்னிக்கு மேடம் தகடு தலைகீழா தொங்குது."

நான் உட்கார்ந்துவிட்டேன்.

"என்ன ஆச்சு அவளுக்கு?"

"கேக்கக் கூடாது பாட்டிம்மா. அதுதானே சட்டம்." சிரித்தார். "நேத்து ஒரு பஸ் விபத்து. பெருசு. அவங்கதான் முன்னாடி நின்னாங்க. காலையில வந்தாங்க, எல்லார் முன்னாடியும் திருப்பி மாட்டினாங்க. இப்ப டெலிபோன் பக்கத்துல உக்காந்திருக்காங்க. ரேடியோ டீ போட்டுக் கொடுத்திருக்கான். இன்னிக்கு நான்தான் லீடர். நான் உள்ள போறேன்."

"பயமா இருக்கா?"

"இருக்கு. சொல்லிட்டேன், மேஜையில. நான்தானே முதல்ல சொல்லணும்."

போனை வைக்கப் போனார். இருங்க என்றேன். என் பேத்திக்குச் சொல்ல நினைத்தது ஆயிரம் இருந்தது. மலையிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்.

கேட்டதை இங்கேயும் எழுதி வைக்கிறேன். மறதியில் அவர் அனுப்பாவிட்டால் மறுபடி கேட்க வேண்டும். மெடல் போட்டோவைப் பெட்டியில் அடியில் வைத்துவிட்டேன். அதில் அவள் தனியாக நிற்கிறாள். எனக்குப் புதுசாக ஒரு போட்டோ வேண்டும். பலகை தெரிய வேண்டும், பன்னிரண்டு பேரும் தெரிய வேண்டும், டீ டம்ளரோடு அவள் நடுவில் உட்கார்ந்திருக்க வேண்டும், ரேடியோ எழுதின அட்டையும் விட்டுப்போகக் கூடாது. செல்போனில் அனுப்பினால் எனக்குப் பார்க்க வராது. காகிதத்தில் போட்டுத் தபாலில் அனுப்பச் சொன்னேன், இன்றைக்கே எடுக்கச் சொன்னேன், அவள் தகடு இப்போது எப்படித் தொங்குகிறதோ அப்படியே இருக்கும்போது. டாக்டருக்குக் காட்ட வேண்டும், நர்சுக்குக் காட்ட வேண்டும்.